அது ஓடுகிறது என்று யார் பார்த்தார்கள்?

படிவம் நான்கில் உயிரியலை மலாயில்தான் படித்தேன். உயிரணுச் சவ்வு பற்றிய பாடத்தில் ஒரு படம் வரும். தலையும் வாலுமாக இரண்டு வரிசையில் கொழுப்பு மூலக்கூறுகள், நடுநடுவே உருளைக்கிழங்கு மாதிரி புரதங்கள். கீழே ‘மோடல் மொசேக் பெண்டாலிர்’ என்று எழுதியிருக்கும். பெண்டாலிர் என்றால் பாய்மம், ஓடக்கூடியது. 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்ற இருவர் முன்வைத்த மாதிரி. இரண்டு பெயர், ஓர் ஆண்டு. எஸ்.பி.எம். தேர்வுக்கு அது போதும். மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன்.

போன வருடக் கடைசியில் அக்கா மகளுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். புத்தகம் மாறியிருக்கிறது, படம் மாறவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“மாமா, படத்துல எல்லாம் அசையாமத்தான நிக்குது. இது ஓடுதுன்னு யாரு பார்த்தா?”

“மைக்ரோஸ்கோப்புல பார்த்திருப்பாங்கம்மா” என்றேன். சொன்ன உடனேயே தப்பு என்று தெரிந்துவிட்டது. சவ்வின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் இரண்டு லட்சம் சவ்வுகளை அடுக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே அதைப்போல நூறு மடங்கு. சாதாரண நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி இருந்தது, உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தில் அதற்குள் வைக்கும் பொருளைப் பதப்படுத்தி, நீரை எடுத்து, உலோக உப்பு பூசி, வெற்றிடத்தில் வைக்க வேண்டும். செத்துக் காய்ந்த ஒன்றைப் பார்த்து அது உயிரோடிருந்தபோது ஓடியதா நின்றதா என்று எப்படிச் சொல்வது?

நான் வேதியியல் படித்தவன். மூன்றாம் ஆண்டில் ‘எலக்ட்ரான் சுழற்சி ஒத்ததிர்வு’ என்று ஒரு பாடம் இருந்தது. சுருக்கமாக இ.எஸ்.ஆர். தேர்வு முடிந்ததும் மறந்துபோனேன். அக்கா மகளின் கேள்விக்குப் பதில் அந்தப் பாடத்துக்குள்தான் இருந்தது என்பது இப்போது தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. தேடியதில் கிடைத்தவர்கள் சிங்கரும் நிக்கல்சனும் மட்டுமல்ல.

*

முதலில் எலக்ட்ரானைப் பற்றிக் கொஞ்சம். 1922-இல் ஃபிராங்ஃபர்ட்டில் ஓட்டோ ஸ்டெர்ன், வால்டர் கெர்லாக் இருவரும் வெள்ளி அணுக்களை ஒரு கற்றையாக்கிக் காந்தத்தின் வழியாகச் செலுத்தினார்கள். கற்றை இரண்டாகப் பிரிந்தது. ஏன் சரியாக இரண்டு என்பதற்கு அப்போது சரியான விளக்கம் இல்லை. 1925-இல் லெய்டன் நகரில் உலன்பெக், கௌட்ஸ்மிட் என்ற இரண்டு இளைஞர்கள் எலக்ட்ரானுக்குச் சுழற்சி என்ற பண்பு இருக்கிறது என்றார்கள். கட்டுரையைக் கொடுத்த பிறகு அவர்களுக்கே பயம் வந்துவிட்டது. மூத்த இயற்பியலாளர் லோரன்ட்ஸ் கணக்குப் போட்டு இது சாத்தியமில்லை என்று காட்டினார். திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று பேராசிரியர் ஏரன்ஃபெஸ்டிடம் ஓடினால், அவர் ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். ரெண்டு பேரும் சின்னப் பசங்க, ஒரு முட்டாள்தனம் பண்ணினாலும் தாங்கும் என்கிற மாதிரி சொன்னாராம்.

சுழற்சி என்றதும் பம்பரத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம் போல நடந்துகொள்கிறது என்று வைத்துக்கொண்டால் போதும். பெரிய காந்தத்துக்குள் வைத்தால் அந்தக் குட்டிக் காந்தத்துக்கு இரண்டே நிலைகள். அவற்றுக்கிடையே ஓர் ஆற்றல் இடைவெளி. அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் அலையைக் கொடுத்தால் எலக்ட்ரான் அதை விழுங்கிக்கொண்டு ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தாவும். இதுதான் ஒத்ததிர்வு. 0.34 டெஸ்லா அளவுள்ள காந்தப்புலத்தில் இதற்குத் தேவைப்படுவது 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலை, அதாவது 3 சென்டிமீட்டர் அலைநீளம்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அழித்துவிடும். ஜோடியில்லாத எலக்ட்ரான் இருந்தால்தான் குறிகை கிடைக்கும். நீர், சர்க்கரை, கொழுப்பு, பெரும்பாலான புரதங்கள் எல்லாம் இந்தக் கருவிக்கு ஊமை.

*

முதல் குறிகையைப் பிடித்தவர் கசான் நகரத்தில் இருந்தார். வோல்கா நதிக்கரையில், மாஸ்கோவுக்குக் கிழக்கே உள்ள நகரம். பெயர் யெவ்கேனி ஸவோய்ஸ்கி. பிறந்தது 1907. ரேடியோ அலைகள் மேல் பைத்தியமாக இருந்தவர். அலை பொருளில் பட்டால் என்ன ஆகிறது என்பதை அளக்க அவர் ஒரு நுட்பமான வழி வைத்திருந்தார். பொருளைத் தாண்டி வரும் அலையை அவர் அளக்கவில்லை. அலையை உண்டாக்கும் கருவியே கொஞ்சம் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறதா என்று பார்த்தார். பொருள் அலையை விழுங்கினால் கருவிக்குச் சுமை கூடும்.

1941-இல் அவரும் ஆல்ட்ஷுலர், கோஸிரெவ் என்ற சக ஆய்வாளர்களும் அணுக்கருவின் ஒத்ததிர்வைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இன்று மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. எடுக்கிறோமே, அதன் அடிப்படை அதுதான். சில நாட்கள் குறிகை வந்தது, சில நாட்கள் வரவில்லை. நிலையாக வராத ஒன்றை அறிவியலில் வெளியே சொல்ல முடியாது. அந்த ஜூன் மாதம் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தின் மேல் படையெடுத்தது. மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் இருந்த அறிவியல் கழகத்தின் ஆய்வகங்கள் கசானுக்கு இடம்பெயர்ந்தன. பல்கலைக்கழகக் கட்டடம் வந்தவர்களால் நிறைந்தது. ஸவோய்ஸ்கியின் சோதனை கலைந்தது. ஆல்ட்ஷுலர் படையில் சேர்ந்து போர்முனைக்குப் போனார்.

மறுபடி ஆரம்பித்தபோது ஸவோய்ஸ்கி அணுக்கருவை விட்டுவிட்டு எலக்ட்ரானுக்கு மாறினார். மாங்கனீசு உப்பு, செம்பு உப்பு. இரண்டிலும் ஜோடியில்லாத எலக்ட்ரான்கள் உண்டு. எலக்ட்ரானின் காந்தம் அணுக்கருவினுடையதைவிடப் பல நூறு மடங்கு வலுவானது என்பதால் சாதாரணக் காந்தமே போதும். 1944-இல் குறிகை வந்தது, இந்த முறை தினமும் வந்தது. மாஸ்கோவில் சிலர் நம்பவில்லை. கபிட்சாவின் ஆய்வகத்தில் கருவியை அமைத்து அவர்கள் கண்முன்னால் மறுபடி செய்துகாட்ட வேண்டியிருந்தது.

அதற்கடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் என்னவோ போல இருந்தது. 1945-46-இல் அமெரிக்காவில் பர்செல் குழுவும் பிளாக் குழுவும் அணுக்கரு ஒத்ததிர்வைக் கண்டுபிடித்தன. 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஸவோய்ஸ்கி 1941-இல் பாதி பிடித்து நழுவவிட்ட அதே விஷயம். எலக்ட்ரானுக்கான ஒத்ததிர்வை முதலில் பிடித்தவர் அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் நோபல் அவருக்கு வரவே இல்லை. 1947 முதல் அவர் சோவியத் அணு ஆயுதத் திட்டத்துக்கு இழுக்கப்பட்டார். 1957-இல் லெனின் பரிசு கொடுத்தார்கள். 1976-இல் இறந்தார். இன்று கசானில் அவர் பெயரில் ஒரு பன்னாட்டு விருது இருக்கிறது. நான் படித்த பல்கலைக்கழகப் பாடக்குறிப்பில் அவர் பெயர் இருந்ததா என்று பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். இல்லை.

இன்னொரு பக்கம், போர்தான் இந்தத் துறையை வளர்க்கவும் செய்தது. எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்கச் செய்த ரேடார் கருவிகள் 3 சென்டிமீட்டர் நுண்ணலையில் வேலை செய்தன. போர் முடிந்ததும் அந்தத் தொழில்நுட்பம் ஆய்வகங்களுக்கு வந்தது. ஆக்ஸ்ஃபர்டில் பிளீனி போன்றவர்கள் அதை வைத்துத்தான் உலோக உப்புகளை ஆராய்ந்தார்கள்.

*

உப்பிலிருந்து உயிருக்கு வர இன்னும் பத்து வருடம் ஆனது. 1954-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பேரி காமனர், டவுன்சென்ட், பேக் மூவரும் உயிர்த்திசுக்களை இந்தக் கருவியில் வைத்தார்கள். நீர் நுண்ணலையை விழுங்கிவிடும் என்பதால் திசுக்களை உறையவைத்து உலர்த்திய பிறகு வைத்தார்கள். உயிருள்ளவற்றிலும் ஜோடியில்லாத எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. காமனர் பிற்பாடு சுற்றுச்சூழல் போராளியாகி 1980-இல் அமெரிக்க அதிபர் தேர்தலிலேயே நின்றார். அது வேறு கதை.

ஆனால் சவ்வு அப்போதும் ஊமையாகவே இருந்தது. அதில் கேட்பதற்கு எதுவுமில்லை. அப்படியானால் கேட்கக்கூடிய ஒன்றை நாமே கொண்டுபோய் ஒட்டினால் என்ன?

அதைச் செய்தவர் ஹார்டன் மெக்கானல். 1965-இல், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில். அவர் ஒட்டியது நைட்ராக்சைடு என்ற வகை மூலக்கூறு. ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், இரண்டுக்கும் நடுவே ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான். ஜோடியில்லாத எலக்ட்ரான் உள்ள பொருள்கள் பொதுவாகக் கண்டதோடெல்லாம் வினைபுரிந்து நொடியில் காணாமல் போய்விடும். இது போகாது. சுற்றி நான்கு மெத்தில் குழுக்கள் வேலி போல நிற்பதால் வேறு எதுவும் கிட்டே வர முடியாது. இந்த வகையைச் செய்து கொடுத்ததிலும் சோவியத் வேதியியலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எலக்ட்ரானைத் தொடாமலேயே மூலக்கூறின் மற்றப் பகுதியில் வேதிவினை செய்யலாம் என்று 1962-இல் ரொஸான்ட்ஸெவ் குழு காட்டியிருந்தது. அது இல்லாவிட்டால் இதைப் புரதத்தோடு ஒட்டவே முடிந்திருக்காது. மெக்கானல் இதற்கு ‘ஸ்பின் லேபிள்’ என்று பெயர் வைத்தார். சுழற்சிக் குறி என்று சொல்லலாம்.

குறி என்ன சொல்லும்? தாளில் மூன்று கோடுகள் வரும். அந்தக் கோடுகளின் வடிவத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வீட்டு மின்விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வோர் இறக்கையும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தனித்தனியாகத் தெரியும். வேகமாகச் சுற்றினால் ஒரே சீரான வட்டமாகிவிடும். குறியும் அப்படித்தான். தடையில்லாமல் வேகமாகப் புரண்டுகொண்டிருந்தால் திசை வேறுபாடுகளெல்லாம் சராசரியாகி மூன்று கூர்மையான கோடுகள் வரும். இறுகிக் கிடந்தால் கோடுகள் அகன்று கோணிப்போகும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

மெக்கானலின் மாணவர் வேய்ன் ஹப்பெல் இதைச் சவ்வுக்குள் கொண்டுபோனார். கொழுப்பு மூலக்கூறின் நீண்ட வாலில் ஒவ்வோர் இடமாகக் குறியை மாற்றி மாற்றி ஒட்டிப் பார்த்தார்கள். தலைக்குப் பக்கத்தில் ஒட்டினால் இறுக்கம். வால் நுனியை நோக்கிப் போகப் போகத் தளர்ச்சி. லாலாங் புல்காட்டைப் பார்த்திருப்பீர்கள். அடியில் அசையாது, நுனி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி இரண்டு புல்காடுகளை நுனியும் நுனியும் சந்திக்கும்படி கவிழ்த்து வைத்தால் அதுதான் சவ்வு. அதன் நடுப்பகுதி எண்ணெய் போல இளகியது.

*

1971. இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த சோதனை இந்த ஆண்டில் வருகிறது. செய்தவர் மெக்கானலிடம் முனைவர் பட்டம் செய்துகொண்டிருந்த ரோஜர் கோர்ன்பெர்க். அப்பா ஆர்தர் கோர்ன்பெர்க் 1959-இல் நோபல் வாங்கியவர். மகன் 2006-இல் வேறோர் ஆய்வுக்காக நோபல் வாங்கப் போகிறவர்.

கேள்வி எளிமையானது. சவ்வில் இரண்டு அடுக்கு இருக்கிறதே, உள் அடுக்கில் இருக்கும் மூலக்கூறு வெளி அடுக்குக்குத் தாவுமா? எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது எது தாவியது, எது தாவவில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கோர்ன்பெர்க் குறி ஒட்டிய கொழுப்பை வைத்துக் குட்டிக் குட்டிச் சவ்வுக் குமிழ்கள் செய்தார். குறி இரண்டு அடுக்கிலும் இருந்தது. பிறகு குளிர்ந்த நிலையில் வைத்து அஸ்கார்பேட்டைச் சேர்த்தார். அதாவது வைட்டமின் சி. அது குறியிலுள்ள தனி எலக்ட்ரானுக்கு ஜோடி கொடுத்து வாயடைத்துவிடும். ஆனால் அந்தக் குளிரில் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. ஆகவே வெளியே இருந்த குறிகள் மட்டும் அணைந்தன. மிச்சமிருக்கும் குறிகை முழுவதும் உள் அடுக்கிலிருந்து வருவது. இப்போது குமிழ்களை 30 டிகிரி வெப்பத்தில் வைத்துக் காத்திருந்தார். நேரம் விட்டு நேரம் கொஞ்சம் எடுத்து மறுபடி வைட்டமின் சி சேர்த்தார். இப்போது அணைகிற குறிகை, காத்திருந்த நேரத்தில் உள்ளிருந்து வெளியே வந்தவற்றின் கணக்கு.

விடை: உள்ளே வெளியே என்ற வேறுபாடு பாதியாகக் குறைய ஆறரை மணி நேரம். மூலக்கூறுகளின் உலகத்தில் இது ஒரு யுகம்.

அதே ஆண்டு, அதே இருவர், அடுக்குக்குள்ளேயே பக்கவாட்டில் நகர்வதைப் பார்த்தார்கள். அது தலைகீழ் விடை. அடுத்த ஆண்டு டெவோவும் மெக்கானலும் அந்த வேகத்தை அளந்தார்கள். பரவல் எண் வினாடிக்கு ஏறக்குறைய 2×10⁻⁸ சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக ஒரு கொழுப்பு மூலக்கூறுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி போதும். பக்கத்து இடத்துக்குப் போவது கண்சிமிட்டும் நேரம், மேல்மாடியிலிருந்து கீழே இறங்க அரை நாள். படத்தில் அசையாமல் நிற்பவை உண்மையில் அப்படித்தான் வாழ்கின்றன.

சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் முன்வைத்த மாதிரி இந்த ஒரு சான்றை மட்டும் நம்பி எழுந்ததல்ல. 1970-இல் ஃபிரை, எடிடின் இருவரும் எலியின் உயிரணுவையும் மனித உயிரணுவையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் புரதங்களும் 40 நிமிடத்தில் கலந்துவிடுவதை ஒளிரும் சாயம் வைத்துக் காட்டியிருந்தார்கள். ஆனால் சவ்வின் கொழுப்பு இளகியது என்பதற்கு இந்த மூன்று கோடுகள் தந்த சான்று வலுவானது.

*

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். நாம் ஒட்டிய குறியே அங்கிருப்பதைக் கெடுத்துவிட்டால்? கூட்டத்துக்குள் ஒருவனைப் பெரிய மூட்டையோடு அனுப்பிவிட்டு, அவன் இடிபடுவதை வைத்துக் கூட்டம் நெரிசல் என்று சொன்னால் எப்படி?

இந்தச் சண்டை நிஜமாகவே நடந்தது. 1973-இல் ஜோஸ்ட், கிரிஃபித் குழுவினர் சவ்வுப் புரதம் ஒன்றைச் சுற்றியிருக்கும் கொழுப்பு மூலக்கூறுகள் மற்றவற்றைவிட இறுகி நிற்கின்றன என்றார்கள். எல்லைக் கொழுப்பு என்று பெயர். டியூட்டீரியத்தை வைத்து அணுக்கரு ஒத்ததிர்வு செய்தவர்களோ அப்படித் தனி வகை எதுவும் தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரிதான் என்றார்கள். குறிதான் பொய் சொல்கிறது என்ற பேச்சும் எழுந்தது. பல ஆண்டுகள் இழுத்த பிறகு தெரிந்த விடை இரு பக்கத்துக்கும் பொதுவானது. எல்லைக் கொழுப்பு நிரந்தரமாக அங்கே நிற்பதில்லை. புரதத்தைத் தொட்டுவிட்டு நொடிக்கு லட்சக்கணக்கான தடவை இடம் மாறுகிறது. இ.எஸ்.ஆர். வேகமான கேமரா, தொட்டு நிற்கும் கணத்தைப் பிடித்துவிடும். மற்றது மெதுவான கேமரா, எல்லாவற்றையும் கலந்து சராசரியைக் காட்டும். ரெண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், வேறு வேறு கடிகாரத்தில்.

ஹப்பெல் இந்தச் சந்தேகத்தைக் கையோடு வைத்துக்கொண்டே புரதங்களுக்குப் போனார். இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் குரானாவோடு சேர்ந்து 1990-இல் ஒரு வழியைக் காட்டினார். புரதத்தில் விரும்பிய ஓர் இடத்திலுள்ள அமினோ அமிலத்தை மரபணு வழியாக சிஸ்டீனாக மாற்றுவது, அதன் கந்தகத்தில் குறியை ஒட்டுவது. ஒரு இடம் முடிந்ததும் அடுத்த இடம். ஒவ்வொரு முறையும் புரதம் தன் வேலையைச் சரியாகச் செய்கிறதா என்று சோதித்துக்கொள்வது. 1996-இல் இதே வழியில் ரோடாப்சினைப் பார்த்தார்கள். நம் விழித்திரையில் மங்கிய ஒளியைப் பிடிக்கும் புரதம் அது. ஒளி பட்டதும் அதன் ஆறாவது சுருள் மூன்றாவதைவிட்டு விலகுகிறது. 2008-இல் இரண்டு குறிகளுக்கிடையேயான தூரத்தை அளந்து, அந்த விலகல் 5 ஆங்ஸ்ட்ராம் என்றார்கள். ஒரு மில்லிமீட்டரில் இருபது லட்சத்தில் ஒரு பங்கு. இரவில் விளக்கைப் போட்டதும் நமக்குள் நடக்கும் முதல் அசைவுகளில் ஒன்று அது.

*

அக்கா மகளுக்கு அடுத்த வாரம் இதையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை, வைட்டமின் சி கதையை மட்டும் முழுசாக.

“யாருமே பார்க்கலமா” என்றேன். “ஒண்ண உள்ள அனுப்பிட்டு, அது எப்படிப் புரளுதுன்னு வெளிய இருந்து கேட்டாங்க.”

“அது சரியாத்தான் சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?”

“அதுக்கும் சண்டை போட்டிருக்காங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, “பரீட்சையில இத எழுதலாமா மாமா?” என்றாள்.

எழுத வேண்டாம், சிங்கர் நிக்கல்சன் போதும் என்றுதான் சொன்னேன். மதிப்பெண் விஷயத்தில் நானும் அந்தப் பாடப்புத்தகத்தைப் போலத்தான் நடந்துகொள்கிறேன். ஸவோய்ஸ்கி என்ற பெயரை அவளிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்பது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.